நலோக்ஸோன்: பக்கத்தில் நிற்பவருக்கான மருந்து

கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் வழக்கமாக மருந்தெடுக்கும் பார்மசியின் கண்ணாடிக் கதவில், நலோக்ஸோன் இங்கே இலவசமாகக் கிடைக்கும் என்ற அறிவித்தல் நெடுநாளாக ஒட்டியிருக்கிறது. போகவர அதைப் பார்த்ததுண்டு. என்னவென்று கேட்டதில்லை. போன பனிக்காலத்தில் மாமிக்கு முழங்காலில் ஆபரேஷன் முடிந்து வலிக் குளிசை எடுக்கப் போனபோது, கவுண்டரில் நின்ற தமிழ்ப் பெண் குளிசைப் போத்தலோடு கையடக்கமான, ஸிப் வைத்த ஒரு பையையும் சேர்த்து நீட்டினார். "இதையும் வீட்டில வச்சிருங்கோ அம்மா."

மாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உது போதைக்காரருக்குக் குடுக்கிற சாமானெல்லே பிள்ளை? எங்கட வீட்டில ஆருக்கு உது?"

மாமியின் கேள்வியைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை, என் மனதிலும் அதேதான் ஓடியது. எங்கள் வாட்ஸப் குழுக்களில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கதை பல திசையில் போகும். போதைக்குப் பதிலாக அரசாங்கம் கொடுக்கும் இன்னொரு போதை என்பார் ஒருவர் (அவர் நினைப்பது மெதடோனை, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் வேறு மருந்து அது). இதைக் குடித்தால் போதைப் பழக்கமே விட்டுவிடும் என்பார் இன்னொருவர். எங்கள் வரிப்பணத்தில் கொடுத்துப் பழக்கம் ஏற்றுகிறார்கள் என்று மூன்றாமவர் கொதிப்பார். மூன்றுமே பிழை. அபின் வகை மருந்தோ போதையோ உடம்பில் அளவு மீறி மூச்சு நிற்கும்போது, அதைத் திருப்பிக் கொண்டுவரும் அவசர மருந்துதான் நலோக்ஸோன். ஏன் பிழை என்பது, இந்த மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று தெரிந்தால் தானாக விளங்கும்.

கசகசாவிலிருந்து வருவோம்

குருமாவுக்குத் தேங்காயோடு அரைக்கும் கசகசா எல்லார் வீட்டிலும் இருக்கும். துபாய்க்குப் போகிறவர்களிடம் "கசகசாவைப் பெட்டியில் வைத்துவிடாதே" என்று சொல்லி அனுப்புவதும் நமக்குப் பழக்கம்தான். காரணம், அந்த விதை வருகிற செடியும் அபின் செடியும் ஒன்று. விதையில் கவலைப்பட ஒன்றுமில்லை. அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பாலில்தான் விஷயம் இருக்கிறது. அந்தப் பால் இறுகினால் அபின். அபினிலிருந்து பிரித்தெடுப்பது மோர்பின். மோர்பினை மாற்றிச் செய்வது ஹெராயின்.

இப்போது அடிக்கடி காதில் விழும் ஃபென்டனிலுக்குச் செடியே தேவையில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த பால் ஜான்சன் 1960இல் அதை முழுக்க ஆய்வுகூடத்தில் உருவாக்கினார். மோர்பினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வீரியமானது. இன்றும் உலகம் முழுக்க ஆபரேஷன் மேசையில் அன்றாடம் பயன்படும் நல்ல மருந்து அது. தெருவில் யாரோ கள்ளத்தனமாகத் தயாரித்து, அளவு தெரியாமல் வேறு தூளோடு கலந்து விற்கும்போதுதான் எமனாகிறது.

செடியிலிருந்து வந்ததோ ஆய்வுகூடத்தில் பிறந்ததோ, இந்தக் குடும்பம் முழுவதற்கும் ஓபியாய்டு என்று பெயர். மாமியின் போத்தலில் இருந்த ஹைட்ரோமோர்ஃபோனும் இதே குடும்பம்தான். மருந்தாளர் பையை நீட்டியதன் காரணம் அங்கே இருக்கிறது. எழுபது தாண்டியவர், இரவில் நித்திரைக் குளிசையும் போடுகிறவர், வலி தாங்காமல் போட்டதை மறந்து இன்னொன்றும் போட்டுவிடலாம். அல்லது வீட்டில் ஓடித்திரிகிற பேரப்பிள்ளையின் கையில் போத்தல் அகப்படலாம்.

ஆகவே ஓபியாய்டு என்பது தெருவிலும் இருக்கிறது, ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது, மாமியின் கட்டில் தலைமாட்டிலும் இருக்கிறது.

மூச்சு ஏன் நிற்கிறது

நமது மூளையிலும் நரம்புகளிலும் இந்த வகைப் பொருள் வந்து உட்காருவதற்கென்றே இடங்கள் உண்டு. ஏற்பி என்பார்கள். கதிரை என்று வைத்துக்கொள்வோம். உடம்பு தானே சுரக்கும் சில வலியடக்கிகள் உட்காருவதற்காகப் போட்ட கதிரைகள் அவை. வெளியிலிருந்து வரும் ஓபியாய்டு அவற்றில் போய் உட்கார்ந்தால் வலிச் செய்தி மங்குகிறது, மனம் இலேசாகிறது. மருந்தாகவும் போதையாகவும் அது வேலை செய்வது இப்படித்தான்.

சிக்கல் என்னவென்றால், அதே கதிரைகள் மூளையின் அடித்தண்டிலும் இருக்கின்றன. மூச்சை நடத்தும் இடம் அது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருங்கள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு முட்டும், இனி முடியாது என்று உடம்பு உதைக்கும். ஒக்சிசன் தீர்ந்துபோய் அந்த முட்டல் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். இரத்தத்தில் கரியமிலவாயு ஏறுவதை அடித்தண்டு கண்டுபிடித்து அடிக்கும் மணிதான் அது. நாம் நித்திரையில் கிடக்கும்போதும் அந்தக் காவல்காரன் விழித்திருந்து மணி அடித்துக்கொண்டே இருப்பான்.

ஓபியாய்டு அளவுக்கு மீறினால் காவல்காரன் தூங்கிவிடுகிறான். கரியமிலவாயு ஏறுகிறது, மணி அடிக்க ஆளில்லை. நிமிடத்துக்குப் பன்னிரண்டு தடவைக்குக் குறையாமல் விடவேண்டிய மூச்சு ஐந்தாகி, மூன்றாகி, நின்றுவிடும். இதைத்தான் ஓபியாய்டு ஓவர்டோஸ் என்கிறோம். நஞ்சு குடித்தவர்போல் துடிப்பதில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதில்லை. ஆள் பேசாமல் கிடப்பார்.

இந்த அமைதிதான் ஆளை ஏமாற்றுவது. தொண்டைக்குள் கொர் கொர் என்று ஒரு சத்தம் வரும். நாக்கு பின்னால் சரிந்து, மூச்சு வழி அடைபட்டு வருகிற சத்தம். வீட்டில் இருப்பவர்களுக்கு அது குறட்டையாகக் கேட்கும். "களைச்சுப்போய்ப் படுக்கிறான், எழுப்பாதை" என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். நித்திரை கொள்கிறவரைத் தோளில் தட்டிக் கூப்பிட்டால், முணுமுணுத்துக்கொண்டாவது திரும்பிப் படுப்பார். இவர் அசையமாட்டார். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். உதடு நீலமாகும் என்று கையேடுகளில் எழுதியிருப்பார்கள். நம்மைப்போல் கறுத்த நிறத்தவருக்கு அது நீலமாகத் தெரியாது, சாம்பல் பூத்ததுபோல் வெளிறும். நகக்கண்ணையும் உதட்டின் உட்பக்கத்தையும் பார்க்கவேண்டும்.

சுருக்கமாக: ஓவர்டோஸில் ஆளைக் கொல்வது மூச்சு நிற்பது. மூச்சு நின்று நாலைந்து நிமிடத்திலேயே மூளை பழுதாகத் தொடங்கிவிடும்.

நலோக்ஸோன் செய்யும் வேலை

சங்கீதக் கதிரை விளையாடாத பள்ளிக்கூடம் இல்லை. நலோக்ஸோன் என்பது அந்த விளையாட்டில் ஒரு முரட்டுப் பையன். ஓபியாய்டு உட்கார்ந்திருக்கும் கதிரைக்குப் போய் அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்வான். கதிரையைப் பிடிக்கும் பிடி அவனுக்கு அதிகம். ஆனால் உட்கார்ந்தபிறகு ஒரு வேலையும் செய்யமாட்டான். வலியைக் குறைக்கமாட்டான், மயக்கமாட்டான். சும்மா இருப்பான். அவன் சும்மா இருப்பதால் காவல்காரன் விழிக்கிறான், மணி மறுபடி அடிக்கிறது, மூச்சு திரும்புகிறது.

இந்த ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் அதிலிருந்தே வரும்.

நலோக்ஸோனால் போதை ஏறுமா? ஏறாது, அது சும்மா உட்கார்ந்திருப்பதுதானே. ஓபியாய்டு எடுக்காத ஒருவருக்குத் தவறிக் கொடுத்துவிட்டால்? கதிரைகள் காலியாகவே இருந்தன, காலியாக இருந்ததுபோலவே இருக்கும், தீங்கில்லை. சாராயத்தாலோ கொக்கெய்னாலோ மயங்கியவருக்கு உதவுமா? உதவாது, அவை உட்காரும் கதிரைகள் வேறு. ஆனால் எதனால் மயங்கினார் என்று தெரியாதபோது கொடுத்துப் பார்ப்பதில் இழப்பில்லை.

போதைப் பழக்கத்தை இது மாற்றுமா? இல்லை. இது உடம்பிலிருந்து ஓபியாய்டைக் கழுவி எடுப்பதுகூட இல்லை. தள்ளிவிடப்பட்ட ஓபியாய்டு பக்கத்திலேயே நிற்கிறது. நலோக்ஸோன் 30 முதல் 90 நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு எழும்பிப் போய்விடும். அதற்குள் ஓபியாய்டு கரையாவிட்டால் மறுபடி வந்து உட்காரும், மூச்சு மறுபடி நிற்கும். எழும்பி உட்கார்ந்து தண்ணி கேட்டார், சுகம் என்று ஆளைத் தனியே விட்டு வீட்டுக்குப் போவது அதனால்தான் ஆபத்து. அவசர உதவி எண்ணான 911க்கு அடித்தே ஆகவேண்டும்.

தினமும் ஓபியாய்டு எடுத்துப் பழகிய உடம்பில் எல்லாக் கதிரையும் ஒரேயடியாகக் காலியானால் என்னவாகும் என்பதையும் சொல்லவேண்டும். வாந்தி, நடுக்கம், வியர்வை, உடம்பெல்லாம் வலி, கூடவே கடுங்கோபம். உயிர் கொடுத்தவரைப் பார்த்துக் கத்துவார். நன்றிகெட்டவன் என்று நினைக்கத் தோன்றும். அது உடம்பு படும் பாடு.

ஆக, நலோக்ஸோன் நேரம் வாங்கித் தருகிறது. அரைமணி, ஒருமணி. மிச்சத்தை ஆம்புலன்ஸும் ஆஸ்பத்திரியும் பார்க்கவேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருந்தால் போதாதா

ஊரில் வயலுக்குள் பாம்பு கடித்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவோம். நஞ்சுமுறி மருந்து அங்கேதான் இருக்கும், அங்கேதான் இருக்கவும் வேண்டும். அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமையில் மூச்சடைக்க வைத்துவிடும் என்பதால் டாக்டர் பக்கத்தில் நிற்கவேண்டும். நஞ்சு ஏறவும் பெரும்பாலும் நேரம் எடுக்கும், ஓடிப்போய்ச் சேர அவகாசம் உண்டு.

ஓபியாய்டு ஓவர்டோஸ் இந்த இரண்டு விஷயத்திலும் நேர்மாறு. அவகாசம் மணிக்கணக்கில் இல்லை, நிமிடக் கணக்கில். மருந்தோ, வழியில் போகிறவர் கொடுத்தாலும் ஆளுக்கு ஆபத்தில்லாதது. அப்படியென்றால் மருந்து இருக்கவேண்டிய இடம் எது? ஆள் விழக்கூடிய இடம்: வீடு, பஸ், சாப்பாட்டுக்கடைக் குளியலறை, நூல்நிலையம். ஃபிலடெல்ஃபியாவில் மெக்ஃபெர்சன் சதுக்க நூல்நிலையத்தின் ஊழியர்கள் 2017இல், புத்தகம் எடுத்துக்கொடுப்பதை நிறுத்திவிட்டு வெளியே புல்தரையில் கிடப்பவர்களுக்கு நலோக்ஸோன் கொடுக்க ஓடவேண்டியிருந்தது. நூலகருக்கு இது வேலையா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் பக்கத்தில் நின்றது அவர்கள்.

துண்டு யார் பெயரில் எழுதுவது

இத்தனை எளிய மருந்து மக்கள் கைக்கு வர ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்பது எனக்கு இந்தக் கதையிலேயே சுவையான பகுதி.

நலோக்ஸோன் புதிதல்ல. நியூயோர்க்கில் ஜாக் ஃபிஷ்மனும் மோசஸ் லெவன்ஸ்டைனும் 1961இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அமெரிக்காவில் 1971இல் அனுமதி கிடைத்தது. அதன்பிறகு நெடுங்காலம் அது ஆஸ்பத்திரி அலுமாரியிலும் ஆம்புலன்ஸிலும்தான் இருந்தது.

தடை மருந்தில் இல்லை, சட்டத்தின் கட்டமைப்பில். டாக்டர் எழுதும் மருந்துத் துண்டு எப்போதும் ஒரு நோயாளியின் பெயரில் இருக்கும். வாங்குபவரும் அவர், குடிப்பவரும் அவர். நலோக்ஸோன் இந்த வாய்ப்பாட்டுக்குள் அடங்காது. அதைத் தேவைப்படும் ஆள் அந்த நேரம் நினைவில்லாமல் கிடப்பார். அவரே தனக்குப் போட்டுக்கொள்ள முடியாது. வாங்கி வைத்திருக்க வேண்டியவர் அம்மா, மனைவி, அறைத்தோழன், முன்பின் தெரியாத ஒருவர். அவர்களோ நோயாளி இல்லை, அவர்கள் பெயரில் டாக்டர் துண்டு எழுத வழியில்லை. "பொதுமக்களுக்கு எளிதாகக் கிடைக்கச் செய்வது" என்ற பெரிய வார்த்தையின் உள்ளே இருப்பது இந்தச் சின்ன முடிச்சை அவிழ்ப்பதுதான்.

முதலில் அவிழ்த்தவர்கள் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. சிகாகோவில் டான் பிக் என்பவரும் அவரது கூட்டாளிகளும் 1996இல் போதைப்பொருள் பாவிப்பவர்கள் கையிலேயே நலோக்ஸோனைக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு ஓவர்டோஸின் பக்கத்தில் பெரும்பாலும் இருப்பவர் இன்னொரு பாவனையாளர்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. டொராண்டோவில் நகரசபையின் பொதுச் சுகாதாரப் பிரிவு 2011இல் ஆரம்பித்தது. நினைவிழந்தவரின் பக்கத்தில் இருக்கக்கூடியவர்களுக்கு இந்த மருந்து கிடைக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது.

2016இல் கனடாவில் கதை வேகம் பிடித்தது. மார்ச்சில் மத்திய அரசு ஓவர்டோஸ் அவசரத்துக்கான நலோக்ஸோனை மருந்துத் துண்டு வேண்டிய பட்டியலிலிருந்து நீக்கியது. ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. அதே ஆண்டு ஒன்டாரியோவில் பார்மசிகள் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கின. இப்போது சுகாதார அட்டையும் கேட்பதில்லை. அமெரிக்காவில் மூக்கு ஸ்பிரேயைத் துண்டு இல்லாமல் விற்க 2023 மார்ச்சில்தான் அனுமதி கிடைத்தது. கனடாவில் மட்டும் 2016இலிருந்து இன்றுவரை எண்ணினால் 50,000 பேருக்கு மேல் ஓபியாய்டால் இறந்திருக்கிறார்கள்.

பையைத் திறந்தால்

நானும் மாமியும் சமையலறை மேசையில் வைத்துத் திறந்தோம். இரண்டு வெள்ளை மூக்கு ஸ்பிரே, தனித்தனி உறையில். ஒரு சோடி கையுறை. வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க நேர்ந்தால் இடையில் விரிக்கும் ஒரு மெல்லிய தாள். வழிமுறைத் துண்டு.

மாமி செய்யப்போன முதல் வேலை, "வேலை செய்யுதோ பாப்பம்" என்று ஸ்பிரேயை அழுத்திப் பார்ப்பது. மூக்கடைப்புக்கு வாங்கும் ஸ்பிரேயில் எல்லாரும் அதைத்தானே செய்கிறோம். இதில் அதைச் செய்யவே கூடாது. ஒன்றுக்குள் ஒரே ஒரு அடிதான் இருக்கிறது. சோதித்துப் பார்த்தால் மருந்து காற்றோடு போய்விடும்.

தேவைப்படும் நேரத்தில் செய்வது இவ்வளவுதான். உரத்துக் கூப்பிட்டுத் தோளைத் தட்டுங்கள், நெஞ்செலும்பில் முட்டியால் அழுத்தித் தேயுங்கள். எழும்பாவிட்டால் 911. ஆளை மல்லாக்கக் கிடத்தித் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, ஸ்பிரேயின் முனையை ஒரு மூக்குத் துவாரத்துக்குள் விரல் மூக்கில் முட்டும்வரை நுழைத்து, ஸ்பிரேயின் அடிப்பக்கத்தில் இருக்கும் அழுத்தியை ஒரேயடியாக அழுத்துங்கள். மூச்சை உள்ளே இழுக்கவேண்டிய அவசியம் ஆளுக்கு இல்லை, மூக்கின் சவ்வே மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு, தெரிந்தால் மூச்சுக் கொடுங்கள், தெரியாவிட்டால் 911இல் இருப்பவர் சொல்வதைச் செய்யுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றமில்லை என்றால் இரண்டாவதை மற்ற மூக்கில். மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். இப்போது தெருவில் விற்கும் ஃபென்டனிலோடு நித்திரை மருந்து வகைகளும் கலந்து வருகின்றன. அவற்றின்மேல் நலோக்ஸோனுக்கு ஆட்சி இல்லை. அதனால் மூச்சு ஒழுங்காக வந்தபிறகும் ஆள் கண் திறக்காமல் கிடக்கலாம். பதறிப்போய் ஸ்பிரேமேல் ஸ்பிரே அடிக்கவேண்டாம். நாம் கேட்டது மூச்சை, அது வந்துவிட்டது.

சந்தியில் கேட்கும் கேள்விகள்

கையில் இந்த மருந்து இருந்தால் பயம்விட்டுப் போய் இன்னும் கூட எடுப்பார்கள் என்ற வாதத்தை நானும் நம்பியிருக்கிறேன். ஆனால் நலோக்ஸோன் கொடுக்கும்போது வரும் வாந்தியும் நடுக்கமும் பாவனையாளர் எல்லாவற்றையும்விட அஞ்சும் நிலை. அதைக் காட்டி ஒருவரை இன்னும் அதிகமாக எடுக்கவைப்பது கஷ்டம். மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 19 ஊர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. பயிற்சியும் நலோக்ஸோனும் கொடுத்த ஊர்களில் ஓபியாய்டு ஓவர்டோஸ் மரண வீதம் குறைந்திருந்தது, அதிகம் பேருக்குக் கொடுத்த ஊர்களில் அதிகமாகக் குறைந்திருந்தது.

"சீனி வருத்தக்காரர் காசு குடுத்து மருந்து வாங்க, அவைக்கு மட்டும் சும்மாவோ" என்ற குமுறல் வேறு வகை. அதில் நியாயம் இருக்கிறது. இன்சுலினும் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்பதற்கான நியாயம் அது. நலோக்ஸோனைப் பறிப்பதற்கு அது காரணமாகாது.

பொலிஸ் வருமே என்ற பயத்தை நான் இலேசாக எடுக்கமாட்டேன். விசா, வழக்கு என்று பயந்து 911க்கு அடிக்காமல் விட்ட வீடுகள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. கனடாவில் 2017 மே முதல் ஒரு சட்டம் இருக்கிறது. ஓவர்டோஸுக்கு உதவி கேட்டு அழைத்தவர்மேலும், அங்கே இருந்தவர்கள்மேலும், விழுந்தவர்மேலும் சொந்தப் பாவனைக்குப் போதைப்பொருள் வைத்திருந்த குற்றம் சுமத்த முடியாது. விற்றவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஃபென்டனிலைத் தொட்டாலே செத்துவிடுவார்கள் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. தோலில் பட்ட தூள் அப்படி உள்ளே போகாது. வலிக்கு ஒட்டும் ஃபென்டனில் பட்டியே மணிக்கணக்கில் ஒட்டிக்கிடந்துதான் வேலை செய்கிறது. கையைச் சோப்பும் தண்ணியும் போட்டுக் கழுவுங்கள், விழுந்தவரைத் தொடப் பயப்படவேண்டாம்.

வேலைத்தலத்திலும் கேட்டுப்பாருங்கள். ஊழியர் ஒருவருக்கு அங்கே ஓவர்டோஸ் நேரக்கூடும் என்று தெரிந்த முதலாளி, நலோக்ஸோன் பையும் அதைப் பாவிக்கப் பழகிய ஒருவரும் அங்கே இருப்பதை உறுதிசெய்யவேண்டும் என்பது ஒன்டாரியோவில் 2023 ஜூன் 1 முதல் சட்டம்.

பையைக் காருக்குள் வைப்போம் என்றேன் நான். மாமிதான் வழிமுறைத் துண்டைக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு வேண்டாம் என்றார். இந்தக் குளிருக்குள் காரில் கிடந்தால் மருந்து உறைந்துவிடும். இப்போது அது ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து லாச்சியில், சித்தாலேபைப் போத்தலுக்கும் வெப்பமானிக்கும் நடுவில் இருக்கிறது. காலாவதித் திகதியை ஒரு துண்டில் எழுதி லாச்சியின் வெளியே ஒட்டியிருக்கிறார். முழங்கால் வலி குறைந்து, மிஞ்சிய குளிசைகளைப் பார்மசியில் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, கவுண்டரில் நின்ற அதே பெண்ணிடம் மாமி கேட்டது இன்னொரு பை. கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் பெடியளுக்கு.